வாங்கிய அன்றே போடாதீர்கள்

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருப்பது இது: மூர் மார்க்கெட் பக்கம் போய்ப் பழைய இசைத்தட்டுகள் வாங்கியாயிற்று: 2 எல்.பி. (12 அங்குலப் பெரிய தட்டு), 5 இ.பி. (7 அங்குலச் சின்னத் தட்டு). பரணிலிருந்து தாத்தா காலத்து 78 (நிமிஷத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய தட்டு) ஒன்றும் இறங்கியிருக்கிறது. ரெக்கார்டு சேர்ப்பவர்கள் வாங்கும்போது ஒரு நடைமுறை, முதல் தடவை போடும்போது ஒரு நடைமுறை என்று வைத்திருக்கிறார்களே, அவற்றில் எது அவசியம், எது வெறும் பழக்கம்?

முக்கால்வாசி அவசியம்தான். பார்ப்பவர் கண்ணுக்குப் பூஜை மாதிரி தெரிந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. ஒரே வரியில் சொல்லச் சொன்னால், வாங்கிய அன்றே போடாதீர்கள் என்பேன்.

தட்டின் ஒரு பக்கத்தில் இருப்பது ஒரே ஒரு பள்ளம். வெளி ஓரத்தில் தொடங்கிச் சுழன்று சுழன்று உள்ளே போகிறது. அகலம் தலைமுடியளவு. அதன் இரண்டு சுவர்களையும் வைர முள் தொடும் இடம் கண்ணுக்கே தெரியாத அளவு சின்னது. 2 கிராம் பாரம் என்றால் சொற்பமாகத்தான் படும். ஆனால் அவ்வளவு சின்ன இடத்தில் மொத்தமும் இறங்கும்போது அழுத்தம் மிகப் பெரிது. நடுவில் தூசி மாட்டினால் முள் அதைச் சுவரில் பதித்துவிட்டுப் போய்விடும். அப்புறம் எத்தனை தடவை கழுவினாலும் அந்த ‘டிக்’ போகாது. வடசென்னைத் தூசி சாதாரண வீட்டுத் தூசியும் இல்லை. எண்ணூர், அத்திப்பட்டு அனல்மின் நிலையச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும்; தட்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக்கைவிட மிகக் கடினமானவை. 2011 வரை ராயபுரத்து வீடுகளின் ஜன்னல் கம்பியில் துறைமுகத்து நிலக்கரித் தூசி கறுப்பாகப் படிந்ததை அந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாளில் உறையில்லாமல் கிடந்த தட்டுகளிலும் அது படிந்திருக்கும். கடைக்காரர் துணியால் துடைத்துக் கொடுத்த தட்டு பளபளவென்று இருக்கும், ஆனால் பள்ளத்துக்குள் எல்லாம் அப்படியே இருக்கும். அதை ஆவலோடு வீட்டுக்கு வந்ததும் போடுவதுதான் ஒரு பழைய ரெக்கார்டுக்கு நாம் செய்யக்கூடிய பெரிய கெடுதல்.

இப்போது வாங்குவதற்கு வருவோம். பழைய மூர் மார்க்கெட் கட்டடம் 1985-இல் எரிந்துபோனது. சென்ட்ரல் பக்கத்தில் அல்லிக்குளம் வளாகத்தில் இன்றும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் போகிறோம். அங்கேயோ பாரிமுனைப் பக்கத்துச் சந்துகளிலோ, பழைய பேப்பர் கடையிலோ காயலான் கடையிலோ தட்டைக் கையில் எடுத்தால், முதலில் செய்ய வேண்டியது கடை வாசலுக்கு வந்து வெயிலில் பார்ப்பது. டியூப் லைட் வெளிச்சத்தில் எல்லாத் தட்டும் நல்ல தட்டுதான். கட்டைவிரல் ஓரத்திலும் மற்ற விரல்கள் நடு லேபிளிலும் படும்படி பிடித்து, தட்டைச் சாய்த்துச் சாய்த்து, ஒளி அதன் மேல் வழுக்கி ஓடும்படி பாருங்கள்.

மூன்று விதக் குறை தெரியும். முதலாவது கீறல். மேலோட்டமான மயிரிழைக் கீறல்களுக்குப் பயப்பட வேண்டாம், பல சமயம் ஒலியில் தெரியவே தெரியாது. விரல் நுனியை மெல்ல ஓட்டும்போது தடுக்குகிறதா என்று பாருங்கள். தடுக்கினால் கேட்கும். அந்தக் கீறல் பள்ளத்துக்குக் குறுக்கே போகிறதென்றால் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டிக்’, அவ்வளவுதான். பள்ளத்தோடு சேர்ந்து நீளவாக்கில் ஓடுகிறதென்றால்தான் ஆபத்து. முள் அதில் இறங்கிப் பக்கத்துச் சுற்றுக்குத் தாவும், அல்லது ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும். ‘கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரி’ என்று நாம் சொல்வது இந்த இரண்டாவது வகையை.

இரண்டாவது, தேய்மானம். இது கீறலைவிட மோசம், கண்ணுக்கும் சட்டென்று படாது. புதுத் தட்டின் கறுப்பு ஆழமாக இருக்கும். தேய்ந்த தட்டில் பாட்டு உரக்க வரும் இடங்கள் சாம்பல் பூத்தது போல் மங்கியிருக்கும், முக்கியமாக உள்பக்கம், லேபிளை ஒட்டிய பகுதியில். கழுவினால் போகாது. நடுத் துளையைச் சுற்றி லேபிளையும் பாருங்கள். தட்டைப் பிளேயரில் மாட்டும் ஒவ்வொரு தடவையும் நடுக்கம்பி லேபிளில் லேசாக உரசும். அப்படி உரசிய வெள்ளிக் கோடுகள் சிலந்தி நடந்த தடம் மாதிரி துளையைச் சுற்றிப் படர்ந்திருந்தால், அது பல நூறு தடவை ஓடிய தட்டு. கோடே இல்லாமல் லேபிள் சுத்தமாக இருந்தால், மேல்பரப்பு எவ்வளவு அழுக்காக இருந்தாலும் தயங்காமல் வாங்கலாம். அழுக்கைக் கழுவலாம், தேய்மானத்தைக் கழுவ முடியாது.

நம் பக்கம் கிடைக்கும் தமிழ் இ.பி.க்களில் நிறைய, மைக் செட் கடைகளிலிருந்து வந்தவை. அடையாளம் சுலபம்: லேபிளில் பெயின்டால் எழுதிய நம்பர், உறையில் கடைப் பெயரின் ரப்பர் ஸ்டாம்ப், ஓரமெல்லாம் மஞ்சளாகிப்போன செல்லோ டேப். கல்யாணத்துக்கும் ஆடி மாதக் கூழுக்கும் ஓடி ஓடி உழைத்த தட்டுகள் அவை. பாரம் மிகுந்த செராமிக் தலையும் தேய்ந்த முள்ளும் அவற்றை உழுதிருக்கும். விநாயகர் பாட்டு, அம்மன் பாட்டு என்று தினமும் போட்ட பக்கம் போயே போயிருக்கும். ஆனால் அதே தட்டைத் திருப்பிப் பாருங்கள். யாரும் விரும்பிக் கேட்காத பின்பக்கம் புதுசாகவே இருக்கும், அதில் அருமையான பாட்டு இருக்கவும் கூடும். பெரம்பூர், ராயபுரம் ரயில்வே குடும்பங்கள், ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் வீடு காலி செய்யும்போது வரும் ஆங்கில எல்.பி.க்கள் வேறு ரகம். வீட்டில் ஒருவர் கையில் இருந்தவை, பெரும்பாலும் உறையோடு, ஒழுங்காக.

மூன்றாவது நெளிவு. தட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி ஓரத்தோடு ஓரமாகப் பாருங்கள். சீராகக் குழிந்து சட்டி மாதிரி இருந்தால் பெரும்பாலும் ஓடும். ஓரத்தில் மட்டும் அப்பளம் மாதிரி சட்டென்று ஒரு அலை எழுந்தால் முள் அங்கே எகிறும், வேண்டாம். பிறகு உறைக்குள் இருப்பது உறையில் பெயர் போட்ட தட்டுதானா என்று இரண்டு பக்க லேபிளையும் படியுங்கள். மாறியிருப்பது மிகச் சாதாரணம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தும் பாருங்கள். ஈரக் கோணி வாசனை வந்தால் பூஞ்சை. வாங்கக் கூடாது என்றில்லை, தனியாகக் கொண்டுபோக வேண்டும் என்று அர்த்தம். இதெல்லாம் முடிந்த பிறகுதான் விலை.

நாய் மார்க் எச்.எம்.வி. நல்லது, கொலம்பியா மட்டம், ஏஞ்சல் உசத்தி என்று கடையில் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அறுபதுகளில் இவையெல்லாம் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியாவின் லேபிள்கள்தான், கல்கத்தா டம்டம் ஆலையில் அழுத்தியவை. தட்டுக்குத் தட்டு நிலைமை வேறு, லேபிளுக்கு லேபிள் இல்லை. பின்னால் வந்த இன்ரெகோ, எக்கோ தட்டுகளுக்கும் இதே பார்வைதான்.

வீட்டுக்குக் கொண்டுவர ஜவுளிக்கடைக் கட்டைப்பை போதும். எல்.பி. உறை 31 செ.மீ. சொச்சம் இருப்பதால் சாதாரண மஞ்சப்பையில் மடங்கும். இரண்டு பக்கமும் அட்டை வைத்து, செங்குத்தாக நிறுத்தி, மடியில் வைத்துக்கொள்ளுங்கள். சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் பின் சீட்டில் விடவே விடாதீர்கள். 60 டிகிரியைத் தாண்டினால் வினைல் இளக ஆரம்பிக்கும், மூடிய காருக்குள் அந்தச் சூடு வருவது பெரிய விஷயமில்லை.

வந்த தட்டுகள் முதல் இரவு மற்ற ரெக்கார்டுகளோடு சேரக் கூடாது. பழைய உறைகளில் பூஞ்சை, ராமபாணப் பூச்சி, கரப்பான் முட்டை, சில சமயம் கரையான் மண்கூட இருக்கும். செய்தித்தாள் விரித்து அதன் மேல் உறைகளை வாய் திறந்து நிழலில் வையுங்கள். உள்ளே இருக்கும் பழைய பிளாஸ்டிக் பையைத் தூக்கிப் போடுங்கள். அதில் பலவும் காலப்போக்கில் பிசுக்கி, தட்டின் மேல் பால் படிந்த மாதிரி ஒரு திரையை விட்டுவிடும். அட்டையில் கிழிசல் இருந்தால் செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், அது இன்னும் சில வருஷத்தில் அட்டையைத் தின்னும். உள்பக்கமாகக் காகிதத்தை மைதாப் பசையில் ஒட்டினால் பூச்சி வரும். வெள்ளைப் பசையைத் தண்ணீர் கலந்து மெல்லியதாகத் தடவி ஒட்டுங்கள்.

மறுநாள் குளியல். இதில் அவசரம் கூடாது.

தண்ணீர் முதல் விஷயம். போர் தண்ணீர், மெட்ரோ தண்ணீர், கேன் தண்ணீர் எதுவும் வேண்டாம். நம் பகுதி போர் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று குழாய் வாயில் பூத்திருக்கும் வெள்ளையே சொல்லும். அதே வெள்ளை பள்ளத்துக்குள் காய்ந்தால் புதுக் கரகரப்பு. பேட்டரிக் கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர் வாங்குங்கள். கலவைக்கு 800 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 200 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஐ.பி.ஏ. என்று கேட்டால் தருவார்கள்), வாசனையில்லாத பாத்திரம் கழுவும் திரவம் 3 சொட்டு. சொட்டு என்றால் சொட்டுதான். கூடினால் சோப்புப் படலம் தங்கும், முள்ளில் பசை மாதிரி சேரும். அந்தத் திரவம் எதற்கு என்றால், வெறும் தண்ணீர் வினைல் மேல் முத்து முத்தாக உருண்டு நிற்கும், பள்ளத்துக்குள் இறங்காது. சானிடைசரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது, அதில் கிளிசரின் இருக்கிறது.

லேபிள் நனையக் கூடாது. எல்.பி. லேபிள் குறுக்களவு 10 செ.மீ., இ.பி.க்குக் கொஞ்சம் குறைவு. அதே அளவில் ரப்பர் வளையம் உள்ள டப்பா மூடி ஒன்றைத் தேடி லேபிளின் மேல் கவிழ்த்து அழுத்திக்கொள்ளுங்கள். தட்டைச் சுத்தமான டவல் மேல் கிடத்தி, முதலில் உலர்ந்த மென்பிரஷ்ஷால் மேல்தூசியை எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டபின் அது சேறாகும் என்பதால் இந்த வரிசை மாறக் கூடாது. பிறகு 10 முதல் 15 மில்லி கலவையை வட்டமாக ஊற்றி, ஒரு நிமிஷம் ஊறவிட்டு, வெல்வெட் பேடாலோ ஆட்டுமுடிப் பிரஷ்ஷாலோ பள்ளம் போகும் திசையிலேயே, வட்டமாக, 10 சுற்று இந்தப் பக்கம், 10 சுற்று அந்தப் பக்கம். குறுக்கே ஒரு தடவைகூடத் தேய்க்காதீர்கள். கலவை காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணியில் வரும் நிறத்தைப் பாருங்கள். காயலான் கடைத் தட்டு என்றால் காப்பி டிகாக்ஷன் மாதிரி வரும். துணி வெள்ளையாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கடைசியாக வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு அலசல். இந்த அலசலைச் சோம்பல்பட்டு விட்டுவிடுகிறவர்கள்தான் ‘கழுவினேன், கரகரப்பு அதிகமாயிற்று’ என்று சொல்வது. கரைந்த அழுக்கு வெளியே போகாமல் பள்ளத்தின் அடியில் போய்க் காய்ந்திருக்கும்.

பூஞ்சைத் தட்டைக் கடைசியாகக் கழுவுங்கள், அதற்குத் தனிப் பிரஷ், தனித் துணி. வெள்ளைப் புள்ளிகள் போனபின்பும் அதே இடத்தில் லேசான ‘சர்ர்’ கேட்டால், பூஞ்சை பரப்பைத் தின்றிருக்கிறது, அது அப்படித்தான். வெள்ளைப் பசையைத் தட்டு முழுக்கப் பூசி, காய்ந்ததும் தோல் மாதிரி உரித்து எடுக்கும் வித்தையை எல்லாரும் சொல்வார்கள். சரியாகச் செய்தால் ஆழமான தூசி வரும். ஆனால் மெல்லிசாகப் பூசினால் கிழிந்து துண்டு துண்டாகப் பள்ளத்தில் தங்கிவிடும். கை பழகாதவர் அதை நல்ல தட்டில் முயல வேண்டாம்.

காய வைக்கச் சமையலறைத் தட்டு ஸ்டாண்டு அருமையான சாதனம். கம்பிகளில் துணி சுற்றிவிட்டுத் தட்டுகளை நிறுத்துங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள், அது காற்றோடு தூசியையும் ஈரத்தட்டின் மேல் வீசும். கோடையில் 3 மணி நேரம், ஐப்பசி கார்த்திகை மழையில் ஒரு இரவு முழுக்க. காய்ந்த தட்டு பழைய உள்ளுறைக்குள் திரும்பக் கூடாது. புது உள்ளுறை, பாலித்தீன் உள்பூச்சு உள்ளது, வாங்கி வையுங்கள்.

உங்கள் 78 இந்தக் கதையில் சேராது. அது வினைல் இல்லை, அரக்கு. தச்சர்கள் பீரோவுக்கும் கட்டிலுக்கும் பிரெஞ்ச் பாலிஷ் போடும்போது அரக்கை ஸ்பிரிட்டில்தானே கரைக்கிறார்கள்? அதே வேலை உங்கள் தட்டுக்கும் நடக்கும். ஆல்கஹால் ஒரு சொட்டுப் பட்டாலும் அந்த இடம் இளகிப் பள்ளம் அழிந்துவிடும். டிஸ்டில்டு வாட்டர், ஒரு சொட்டு சோப்பு, மென்பிரஷ், உடனே ஒற்றித் துடைப்பது, அவ்வளவே. ஊறவிடக் கூடாது, விளிம்பில் விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய் ஊதும். கீழே விழுந்தால் கண்ணாடி மாதிரி உடையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தட்டு தயார். இப்போது பிளேயர். பித்தளைக் குழல் வைத்த அலங்கார கிராமபோன் கையில் இருந்தால், அதில் எல்.பி., இ.பி. போடவே கூடாது. அதன் எஃகு முள்ளும் தலையின் பாரமும் வினைலை ஒரே தடவையில் உழுதுவிடும். அது 78-க்கு மட்டும், அதுவும் பக்கத்துக்கு ஒரு புது முள். மறுபக்கம், இன்றைய டர்ன்டேபிளில் எல்.பி. முள்ளால் 78-ஐப் போட்டாலும் தப்பு. 78-இன் பள்ளம் ஏறக்குறைய மூன்று மடங்கு அகலம், சின்ன முள் அடிமட்டத்துக் குப்பையில் உருளும். 78-க்கென்று தனி முள் வேண்டும். ஆடியோ டெக்னிகா வி.எம்.95 வரிசையில் அதே கார்ட்ரிட்ஜில் (முள் பொருந்தியிருக்கும் தலை) முள்ளை மட்டும் மாற்றிப் பொருத்தும் வசதி இருக்கிறது. பழைய சூட்கேஸ் பிளேயர்களில் முள்ளைத் திருப்பும் சின்ன நெம்பு ஒன்று இருக்கும், ஒரு பக்கம் 78, ஒரு பக்கம் எல்.பி. போடும்முன் அது எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பிளேயரா? பின்னால் 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் கவனம். 110 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஏ.சி. மோட்டார் உள்ள அந்தப் பிளேயர் இங்கே நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுக்குப் பதிலாக 28-க்கும் குறைவாகச் சுற்றும். 5 கட்டையில் பாடியவர் 3 கட்டையில் பாடுவது போலக் கேட்கும். மோட்டார் கப்பியை மாற்ற வேண்டும். டி.சி. மோட்டார், டைரக்ட் டிரைவ் (மோட்டாரே மேடையை நேராகச் சுழற்றுவது) உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

மட்டம் பார்க்க கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று போதும், தட்டு சுழலும் மேடையின் மேல் இரண்டு திசையிலும் வையுங்கள். பிளேயரை ஸ்பீக்கர் மேலோ இரும்பு பீரோ மேலோ வைக்காதீர்கள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் எண்ணூர் விரைவு சாலையிலும் கன்டெய்னர் லாரி போகும்போது தரை அதிர்வது காலில் தெரியும். முள்ளுக்கு அது பலமடங்கு தெரியும். சுவரில் ஆங்கிள் அடித்து, அதன் மேல் கடப்பா கல் பலகை, கல்லுக்கு அடியில் ரப்பர் துண்டு நான்கு. செலவு குறைவு, பலன் பெரிது.

முள்ளின் பாரம் ஊகிக்கும் விஷயமில்லை. பின்முனையில் இருக்கும் எதிர்எடையைத் திருகி, முள்ளைத் தாங்கும் கை (ஆர்ம்) மேலும் இல்லாமல் கீழும் இல்லாமல் காற்றில் மிதக்கும்படி நிறுத்துங்கள். அந்த நிலையில் எண் வளையத்தை மட்டும் 0-க்குத் திருப்பி, பிறகு எடையோடு சேர்த்துத் தேவையான கிராமுக்குக் கொண்டுவாருங்கள். ஆடியோ டெக்னிகா வி.எம்.95இ-க்கு 2.0 கிராம், ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட்டுக்கு 1.8. ஆர்ம் உள்பக்கம் இழுபடாமல் தடுக்கும் ஆன்டி ஸ்கேட்டையும் அதே எண்ணில் வையுங்கள். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்ற 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டால் நிம்மதி. பாரம் குறைவாக இருந்தால் தட்டு தப்பிக்கும் என்று நினைப்பது தவறு. முள் பள்ளத்தில் உட்காராமல் துள்ளித் துள்ளிச் சுவரை இடிக்கும், தேய்மானம் அதில்தான் அதிகம். அதே தராசுக்காரர்களின் 10 மடங்கு லென்ஸில் முள் நுனியையும் பாருங்கள். பஞ்சு உருண்டை தொங்கினால் பின்னாலிருந்து முன்னால் மட்டும் பிரஷ் செய்யுங்கள், பக்கவாட்டில் தள்ளினால் முள் தண்டு ஒடியும்.

‘ம்ம்ம்’ என்று இடைவிடாத முனகல் கேட்டால் எர்த் வயர். பிளேயரிலிருந்து வரும் மெல்லிய வயரை ஆம்பிளிஃபயரின் ஜி.என்.டி. திருகில் கட்டுங்கள். பழைய ஓட்டு வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருந்தாலும் உள்ளே எர்த் கம்பியே இருக்காது, எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

இனி முதல் தடவை. லாரி குறைந்த நேரம் எது, எதிர்க் கோயில் ஸ்பீக்கர் எப்போது ஓயும் என்பது உங்கள் தெருவுக்குத் தெரியும், அந்த நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கையைக் கழுவித் துடைத்து, ஃபேனைக் குறைத்து, தட்டை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஓரத்தில் மட்டும் பிடித்து மேடையில் இறக்குங்கள். துளையைத் தேடி லேபிளில் கம்பியால் துழாவ வேண்டாம், மேலிருந்து நேராகப் பார்த்து இறக்கினால் சிலந்தித் தடம் விழாது. வேகம் 33-ஆ 45-ஆ என்று லேபிளில் படித்துக்கொள்ளுங்கள், 7 அங்குலத் தட்டெல்லாம் 45 இல்லை, 33-இல் ஓடும் சூப்பர் 7-களும் உண்டு. தட்டு சுழலும்போது கார்பன் ஃபைபர் பிரஷ்ஷை இரண்டு சுற்று தொட்டும் தொடாமலும் பிடித்து எடுங்கள். ஒலியளவு பூஜ்யம். ஆர்மை ஏற்றி இறக்கும் நெம்பைத் தூக்கி, ஆர்மை ஓரத்துக்குக் கொண்டுபோய், அதே நெம்பால் இறக்குங்கள், விரலால் இல்லை. முள் உட்கார்ந்த பிறகு ஒலியை ஏற்றுங்கள்.

பாட்டு தொடங்குமுன் வரும் அந்தச் சில நொடி வெற்றுப் பள்ளத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். தட்டின் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை அது சொல்லிவிடும். லேசான மழைத் தூறல் மாதிரி இருந்தால் நல்ல தட்டு. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பது போல ஒழுங்கில்லாமல் வெடித்தால் அழுக்கு மிச்சம், நிறுத்தி மறுபடி கழுவுங்கள். ஒரே தாளத்தில் வந்தால் கடிகாரத்தைப் பாருங்கள்: எல்.பி.யில் 1.8 நொடிக்கு ஒன்று, 45-இல் 1.33 நொடிக்கு ஒன்று என்றால் அது குறுக்குக் கீறல். கழுவி நேரத்தை வீணாக்க வேண்டாம். சுருதி ஏறி இறங்கி அலைந்தால் துளை நடுவில் இல்லை. முதல் பாட்டு தெளிவாகவும் கடைசிப் பாட்டில் ‘ச’, ‘ஸ’ எழுத்துகள் கிழிந்தும் கேட்டால், உடனே தட்டைக் குறை சொல்லாதீர்கள். எல்.பி.யின் வெளி ஓரத்தில் பள்ளம் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் முள்ளைக் கடக்கிறது, உள்முனையில் 21 செ.மீ. தான். அதே ஒலி அங்கே நெருக்கமாக எழுதப்பட்டிருக்கும், கார்ட்ரிட்ஜ் ஒரு மி.மீ. கோணலாக இருந்தாலும் அங்கேதான் காட்டிக்கொடுக்கும். இன்னொரு நல்ல தட்டில் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். அங்கும் கிழிந்தால் கார்ட்ரிட்ஜை நேராக்குங்கள், இதில் மட்டும் கிழிந்தால் தேய்மானம்.

தாவினால் தலையில் காசு வைக்கும் பழக்கம் மைக் செட் காலத்திலிருந்து வருகிறது. ஒரு ரூபாய்க் காசு மூன்று கிராமுக்குக் குறையாது. 2 கிராம் தாங்கவேண்டிய பள்ளத்தில் ஐந்து கிராமுக்கு மேல் ஏற்றுகிறீர்கள். தாவிய இடத்தை லென்ஸில் பாருங்கள், பாதிக்கு மேல் சமயம் ஒட்டிக்கொண்ட ஒரு துணுக்குதான். ஈரம் தொட்ட பஞ்சில் ஊறவைத்தால் வந்துவிடும். வராவிட்டால் கார்ட்ரிட்ஜுக்குச் சொன்ன வரம்புக்குள் 0.2 கிராம் ஏற்றிப் பாருங்கள்.

பழைய தமிழ்த் தட்டுகளில் பெரும்பாலானவை மோனோ, இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒரே ஒலி. ஆம்பிளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். மோனோ பள்ளம் பக்கவாட்டில் மட்டும் அசைகிறது, தூசியும் தேய்மானமும் முள்ளை மேலும் கீழும் ஆட்டுகின்றன. இடது, வலது ஒலியைச் சேர்க்கும்போது அந்த மேல்கீழ் அசைவின் ஒலி ஒன்றையொன்று தின்றுவிடும். குரல் அப்படியே நடுவில் எழுந்து நிற்கும். பாதிக் கரகரப்பு போவதை நீங்களே கேட்பீர்கள்.

முதல் தடவையில் ஒரு பக்கம் முழுதும் கேளுங்கள். நடுவில் தூக்கி இன்னொரு பாட்டுக்குத் தாவ வேண்டாம், எல்.பி. என்றால் 20 நிமிஷம், இ.பி. என்றால் ஆறேழு நிமிஷம். கணினியில் பதிவு செய்ய வசதி இருந்தால் இந்தத் தடவையே செய்துவிடுங்கள். கழுவிய தட்டு இதைவிடச் சுத்தமாக இனி இருக்கப்போவதில்லை. படத்தில் வரும் பாட்டும் ரெக்கார்டில் வரும் பாட்டும் பல சமயம் ஒன்றில்லை. ஒரு சரணம் கூடும், இடையிசை நீளும். அந்த வடிவம் சில நேரம் இந்தத் தட்டில் மட்டும்தான் மிஞ்சியிருக்கும், அதனால் இந்த வேலையை விளையாட்டாக எடுக்காதீர்கள்.

முடிந்ததும் ஒரு சிறு சீட்டில் பென்சிலால் தேதி, கழுவிய தேதி, எந்தப் பாட்டில் எங்கே ‘டிக்’ என்று எழுதி வெளியுறைக்குள் போடுங்கள். உறையின் மேல் வைத்து எழுத வேண்டாம், பால் பேனாவின் அழுத்தம் அட்டையைத் தாண்டித் தட்டில் பதியும். நிறுத்தி வையுங்கள், அடுக்காதீர்கள். மேற்கு வெயில் படும் சுவர் வேண்டாம். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருப்பவர்கள் கீழ்த்தட்டைக் காலியாக விட்டு 3 அடிக்கு மேல்தான் அடுக்க வேண்டும். 2015, 2023 வெள்ளங்கள் சொல்லிக்கொடுத்தது அது. பாச்சை உருண்டையைத் தட்டுகளோடு போடாதீர்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கில் படியும். சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும், மாதம் ஒரு தடவை வெயிலில் காய வைத்துத் திரும்பப் போடலாம்.

ஆயுத பூஜைக்குப் பிளேயரையும் தட்டுகளையும் சேர்த்துப் பொட்டு வைக்கும் வீடுகள் நிறைய. சந்தனமும் குங்குமமும் பிளேயரின் மரப்பெட்டிக்கு வையுங்கள். தட்டை அன்றைக்கு உறையைவிட்டு எடுக்க வேண்டாம். சாம்பிராணிப் புகை அடங்கி, ஜன்னல் திறந்து, அறை தெளிந்த பிறகு மறுநாள் போடுங்கள்.